வடிவமைப்புச் சிந்தனையும் செயற்கை நுண்ணறிவும்

ஒரு பொருளை ஆக்குதல் வேறு. ஆக்குதற்கு முன்னர் அதனை மனத்தின்கண் அமைத்துக் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டும் பழைய கைத்தொழிலாளரிடத்தே பிரிந்து நிற்கவில்லை. வண்டிச் சில்லுச் செய்யும் தச்சன் வரைபடம் எதனையும் வரைந்து வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கினானல்லன். மரமும் உளியும் கையும் ஒருங்கு கூடியவிடத்தே வடிவம் தானே பிறந்தது. முன்னோர் செய்த சில்லிற் கண்ட குறையைப் பின்னோர் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தமையால், பல தலைமுறைகளின் அறிவு அச்சில்லின் வளைவில் அடங்கிக் கிடந்தது. வரைபடம் தோன்றிய பின்னரே வடிவமைப்பவன் ஒருவனும் செய்பவன் மற்றொருவனும் ஆயினர். வரைபவன் எவ்வாறு சிந்திக்கின்றான் என்னும் வினா அதன் பின்னரே எழுந்தது. அவ்வினாவை ஒரு தனித் துறையாகக் கொண்டு ஆராயத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். அத்துறையே இன்று வடிவமைப்புச் சிந்தனை எனப்படுகின்றது.

செயற்கை நுண்ணறிவு இத்துறைக்குப் புறத்தேயிருந்து அண்மையில் வந்து புகுந்ததொன்று எனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியவை. ஓரளவிற்கு ஒரே அறிஞரின் கையில் வளர்ந்தவை. பல முறை ஒன்றையொன்று நெருங்கியும் பிரிந்தும் வந்தவை. இன்று நிகழும் மாற்றத்தை அளந்தறிய விரும்புவோர் அப்பழைய உறவை முதற்கண் அறிந்துகொள்ளல் நன்று.

1956ஆம் ஆண்டு கோடைகாலத்தில் அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிற் சில கணித அறிஞரும் பொறியியலறிஞரும் கூடினர். செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் அக்கூட்டத்திற்கென முந்திய ஆண்டில் எழுதப்பட்ட விண்ணப்பத்திலேயே வழங்கலாயிற்று. கூடினோருட் பெரும்பாலார் எதிர்காலத்திற் செய்யவிருப்பனவற்றைப் பற்றிப் பேச, பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து வந்த ஹேபேட் சைமன், அலன் நியூவெல் என்னும் இருவர் மாத்திரம் செய்து முடித்த ஒன்றைக் கொண்டுவந்திருந்தனர். அஃது, இரசலும் வைற்ஹெட்டும் எழுதிய கணித நூலொன்றின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள முதல் 52 தேற்றங்களுள் 38 தேற்றங்களை நிறுவிக் காட்டிய கணனி நிரலாகும். ஒரு தேற்றத்திற்கு அந்நிரல் கண்ட நிறுவல் நூலாசிரியர் தந்ததினும் சுருக்கமாய் இருந்தது.

இச்சைமன் பொறியியலாளரல்லர், அரசறிவியல் பயின்று, நிருவாகத்தில் மாந்தர் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என ஆராய்ந்தவர். எவரும் எல்லா வழிகளையும் ஒப்புநோக்கி மிகச் சிறந்ததைத் தெரிவதில்லை, போதியதென மனம் ஒப்பும் முதல் வழியையே மேற்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. 1978இல் அவருக்குப் பொருளியல் நோபெற் பரிசு கிடைத்தமைக்கு இவ்வாராய்ச்சியே காரணம். 1969இல் அவர் வெளியிட்ட, செயற்கையானவற்றின் விஞ்ஞானங்கள் எனப் பொருள்படும் நூலில், உள்ள நிலையை விரும்பத்தக்க நிலையாக மாற்றுதற்கு வழி வகுப்போர் யாவரும் வடிவமைப்போரே என்னும் கருத்தை நிலைநாட்டினார். அவ்வாறு கொள்ளின் மருந்து வகுக்கும் வைத்தியனும், வரி விதிக்கும் அமைச்சனும், பாலம் அமைக்கும் பொறியியலாளனும் ஒரே இனத்தவராவர். வடிவமைப்புச் சிந்தனையாளர் இன்றும் தம் துறைக்கு மூலநூல்களுள் ஒன்றாகக் கொண்டாடுவது இந்நூலையே. ஆனால் சைமன் அதனை எழுதிய நோக்கம் வேறு. வடிவமைப்பு என்பது வழிகளைத் தேடுதலே, தேடுதலைக் கணனி செய்யவல்லது, ஆதலின் வடிவமைப்பைக் கணனிக்குக் கற்பிக்கலாம் என்பதே அவர் கொண்ட நியாயம். மூலநூலைப் போற்றுவோர் அதன் நியாயத்தை இடையிலே மறந்துவிட்டமை இவ்வரலாற்றில் ஒரு விந்தை.

மற்றொரு கிளை மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலிருந்து தோன்றியது. அங்கே ஜோன் ஆர்னோல்ட் என்னும் ஆசிரியர் 1950களின் தொடக்கத்தில் தம் மாணவர்க்கு விசித்திரமான பயிற்சியொன்றை வழங்கினார். நெடுந்தொலைவிலுள்ள ஒரு கற்பனைக் கோளில் பறவையை ஒத்த உயிர்கள் வாழ்கின்றன. அங்குள்ள வளி மீதேன். ஈர்ப்பு பூமியினும் பன்மடங்கு. அவ்வுயிர்களுக்கு வேண்டிய கருவிகளையும் ஊர்திகளையும் அமைத்துத் தருக, என்பதே பயிற்சி. பொறியியல் மாணவர்க்கு இஃது என்ன விளையாட்டு என அக்காலத்திற் சிலர் நகைத்திருத்தல் கூடும். எனினும் ஆர்னோல்டின் கருத்து ஆழமானது. தன் கையையும் தன் வீட்டையும் அளவுகோலாக வைத்தே மாணவன் எதனையும் அமைக்கின்றான். தன்னை முற்றிலும் ஒவ்வாத ஒருவர்க்கு அமைக்கவேண்டி வரும்போதே, பயன்படுத்துவோர் யார் என்னும் வினா அவன் மனத்தில் எழும். 1957இல் ஆர்னோல்ட் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு அவர் இட்ட வித்தின் பயனைப் பின்னர்க் காண்போம்.

1962 செத்தெம்பரில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வடிவமைப்பு முறைகள் பற்றிய முதல் மாநாடு கூடிற்று. போர்க்காலத்தில் ஆய்வு முறைகளாற் பெரும் பயன் விளைந்தமையைக் கண்டோர், அம்முறைகளைக் கட்டடத்திற்கும் பண்டங்களுக்கும் நகரங்களுக்கும் பயன்படுத்த விரும்பினர். உள்ளுணர்வை நம்பிய காலம் கழிந்தது, இனி முறையே வழிநடத்தும் என்னும் பெருமிதம் அந்நாளில் நிலவிற்று. அப்பெருமிதத்தின் உச்சியையும் வீழ்ச்சியையும் ஒரு மனிதரின் வாழ்விலேயே காணலாம். அவர் கிறிஸ்தோபர் அலெக்சாண்டர். வியன்னாவிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கணிதமும் கட்டடக்கலையும் கற்று, ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும், என்னை? இன்று நாம் எதிர்நோக்கும் சிக்கல் முழுவதும் அதனுட் சிறிய அளவில் அடங்கியுள்ளது.

அலெக்சாண்டர் இந்தியாவிற்கு வந்து, குசராத்திலுள்ள பவ்ரா என்னும் சிற்றூரிற் பல மாதங்கள் தங்கினார். ஆறு நூறு மக்களளவே வாழ்ந்த அவ்வூரைப் புதிதாக அமைப்பதாயின் எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வினா. ஊரவரின் தேவைகளையெல்லாம் தொகுத்து 141 எனக் கணக்கிட்டார். அவற்றுள் ஒன்றை மற்றையதோடு இணைத்து நோக்கினால் 9,870 இணைகள் வரும். எந்தத் தேவை எந்தத் தேவையோடு தொடர்புடையது என்பதைத் தாமே தீர்மானித்துப் பட்டியலிட்டார். அப்பட்டியலை ஐ.பி.எம். 7090 கணனியில் இட, அஃது ஊரின் பிரச்சினையை நான்கு பெருங்கூறுகளாகவும் பன்னிரண்டு சிறுகூறுகளாகவும் பகுத்துக் காட்டிற்று. ஒவ்வொரு கூறிற்கும் அவர் ஒரு படம் வரைந்தார். படங்களை ஒன்றுசேர்த்தபோது ஊரின் அமைப்புத் தோன்றியது. 1964இல் வெளிவந்த அவருடைய நூலின் பிற்சேர்க்கையில் இதனைக் காணலாம். கணனியைத் துணைக்கொண்டு வடிவமைப்பின் பிரச்சினையையே ஆராய்ந்த முதன் முயற்சிகளுள் இஃது ஒன்று.

அந்த 141 தேவைகளின் நிரலை இன்று வாசிப்போர்க்கு ஒரு திகைப்பு உண்டாகும். முதலாவதாக நிற்பது, ஹரிஜனர் தீண்டத்தகாதோர் எனக் கருதப்படுதல். இரண்டாவது, இறந்தோரை முறைப்படி அகற்றல். மூன்றாவது, வீட்டு வாயில் தெற்கு நோக்கக் கூடாதென்னும் வழக்கம். தீண்டாமையும் வாயிலின் திசையும் ஒரே நிரலில், ஒரே வகை உறுப்புகளாய், ஒரே நிறையுடன் நிற்கின்றன. முன்னையது ஒழிக்கப்படவேண்டிய கொடுமை. பின்னையது ஒருவர்க்கும் தீங்கு செய்யாத வழக்கம். கணனிக்கு இரண்டும் எண்களே. இவ்வேறுபாட்டை அறிந்திருக்கக்கூடியவர் அவ்வூரில் வாழ்ந்த அலெக்சாண்டர் ஒருவரே. அவரோ, தமது அறிவை முறையின் வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உட்புகுந்தார். கணனி பிழை செய்தது என நாம் கூறவில்லை. அதற்குக் கொடுத்த வேலையை அது சரிவரச் செய்தது. ஊரவர்பாற் சென்று கேட்டதும், தேவைகளை வகுத்ததும், இணைகளைத் தீர்மானித்ததுமாகிய அரிய வேலையெல்லாம் மனிதரே செய்ய, பகுத்தல் என்னும் எளிய வேலையே இயந்திரத்திற்கு எஞ்சியது. ஆயினும் நூலின் புகழ் பகுத்தலுக்கே சென்றது.

அலெக்சாண்டர் இதனைத் தாமே உணர்ந்தார். அந்நூலின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு எழுதிய முன்னுரையில், வடிவமைக்கும் தொழிலினின்றும் வேறாக வடிவமைப்பு முறைகளை ஆராய்தல் பொருந்தாது எனத் தெளிவாகக் கூறி, தாமே தோற்றுவித்த இயக்கத்தினின்றும் விலகினார். 1977இல் அவரும் துணைவரும் வெளியிட்ட நூல், கணக்கை விடுத்து, வீடுகளிலும் தெருக்களிலும் மக்கள் நெடுங்காலம் விரும்பி வாழ்ந்த அமைப்புக்களை 253 பாங்குகளாக எடுத்துரைக்கின்றது. அதனைக் கட்டடக்கலைஞர் பலர் புறக்கணிக்க, கணனி மென்பொருள் ஆக்குவோர் விரும்பிப் பயின்றனர். இலண்டன் மாநாட்டை நடத்தியோருள் ஒருவரான ஜோன் கிறிஸ்தோபர் ஜோன்ஸ் என்பாரும் 1970களில் முறையியக்கத்தை வெறுத்தொதுக்கினார்.

அவர்கள் மனம் மாறியதற்குரிய காரணத்தை 1973இல் ஹோர்ஸ்ற் ரிற்றல், மெல்வின் வெபர் என்னும் இருவர் எழுதிய கட்டுரை தெளிவுபடுத்திற்று. கணிதத்திலும் சதுரங்கத்திலும் பிரச்சினை முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. விடை கண்டதும் முடிந்தது. வறுமை, நெடுஞ்சாலை, பாடசாலை என்பன அத்தகையனவல்ல. அவற்றை அவர்கள் அடங்காப் பிரச்சினைகள் என்றனர். பிரச்சினையை எவ்வாறு கூறுகின்றோமோ அக்கூற்றிலேயே தீர்வின் பாதி அடங்கிவிடுகின்றது. அதற்குச் சரி, பிழை என்னும் விடை இல்லை. நன்று, தீது என்பனவே உண்டு. ஒரு நெடுஞ்சாலையை அமைத்துப் பார்த்து வேண்டாமென அழித்துவிடவும் இயலாது. அமைத்த அளவிலேயே பலருடைய வாழ்வு மாறிவிடும். தேடுதலே வடிவமைப்பு என்ற சைமனின் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு அந்நாளில் எழவில்லை.

இடையில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. நிக்கலஸ் நெக்ரொபொன்ரி என்பவரும் அவர் குழுவினரும் 1970இல் நியூயோர்க்கிலுள்ள நூதனசாலை ஒன்றிற் கண்ணாடிப் பெட்டியொன்றை வைத்தனர். அதனுள் ஏறத்தாழ 500 சிறு கனக்கட்டிகள். அவற்றினிடையே சில பாலைநில எலிகள். மேலே கணனியால் இயங்கும் ஓர் இயந்திரக் கை. எலிகள் ஓடித் திரிந்து கட்டிகளைக் கலைக்கும். கலைந்த நிலையிலிருந்து எலிகளின் விருப்பத்தை உய்த்துணர்ந்து இயந்திரம் கட்டிகளை மீள அடுக்குதல் வேண்டும். குடியிருப்போரின் நடத்தையை நோக்கி வீடு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் காலத்தின் முன்மாதிரி அது என்றனர். எலிகள் விரும்பிக் கலைத்தனவா, வழியின்றிக் கலைத்தனவா என்பதை எவரும் அவற்றைக் கேட்டறியவில்லை.

இங்ஙனம் முறையியக்கம் தளர்ந்தபோது, வடிவமைப்போர் உண்மையில் என்ன செய்கின்றனர் என்று நேரிற் பார்த்தறிய வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் பிரையன் லோசன், விஞ்ஞான மாணவரிடத்தும் கட்டடக்கலை மாணவரிடத்தும் வண்ணக் கட்டிகளைக் கொடுத்து, மறைந்து நிற்கும் விதியொன்றிற்கு இணங்க அடுக்கச் செய்தார். விஞ்ஞான மாணவர் முதலில் விதியைக் கண்டுபிடிக்க முயன்றனர். கட்டடக்கலை மாணவரோ, நல்லதொரு விடையை அடுக்கிக் காட்டி, அது மறுக்கப்பட்டால் அடுத்ததை அடுக்கினர். விடைகளின் வழியாகவே விதியை அறிந்தனர். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் விளக்கினார். வரைபவன் ஒரு கோடு கீறுகின்றான். அக்கோடு அவன் எதிர்பாராத ஒன்றைக் காட்டுகின்றது. அதற்கேற்ப அவன் தன் கருத்தை மாற்றுகின்றான். தாளும் அவனும் உரையாடுகின்றனர் என்பது ஷோனின் கருத்து. வரைதல் என்பது முன்னரே எண்ணியதைப் பதிவு செய்யும் வினையன்று. அதுவே எண்ணும் வினை. இக்கருத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இது வேண்டப்படும்.

ஸ்ரான்போட்டில் ஆர்னோல்ட் இட்ட வித்தை ரொபேட் மக்கிம் முதலியோர் வளர்த்தனர். அங்குப் பயின்ற டேவிட் கெலி, வேறிருவர் நிறுவனங்களோடு தம் நிறுவனத்தையும் இணைத்து 1991இல் ஐடியோ என்னும் நிறுவனத்தை அமைத்தார். 1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று அந்நிறுவனத்தார் கடைகளிற் பயன்படும் தள்ளுவண்டியை ஐந்து நாளில் மீள வடிவமைத்ததைப் படமாக்கிக் காட்ட, அவர்தம் முறை உலகெங்கும் பரவிற்று. 2005இல், மென்பொருள் வணிகத்தாற் செல்வரான ஹாசோ பிளற்னர் வழங்கிய மூன்றரைக் கோடி டொலர் நன்கொடையால் ஸ்ரான்போட்டில் வடிவமைப்பு நிலையமொன்று உருவாயிற்று. பிறர்நிலை உணர்தல், பிரச்சினையை வரையறுத்தல், எண்ணங்களைப் பெருக்குதல், மாதிரியுரு அமைத்தல், சோதித்தல் என்னும் ஐந்து படிகள் அங்கிருந்தே வங்கிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அரசாங்கப் பணிமனைகளுக்கும் சென்றன. கற்றோர் சிலர் இதனைச் சுவரில் மஞ்சட் சீட்டு ஒட்டும் சடங்கென இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆயினும் இம்முறை ஒன்றை அழுத்தமாகக் கூறிற்று. முதற்படியில் மனிதன் மனிதனிடம் செல்ல வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று பார்க்க வேண்டும். கடைக்காரியிடம் அமர்ந்து கேட்க வேண்டும். சைமனின் கணனி இவ்வைந்து படிகளுள் எங்கும் இடம்பெறவில்லை.

அது மீண்டும் வந்தது மூன்றாம் நான்காம் படிகளின் வழியாக. அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2006இல் ஏவிய சிறு கலங்களில், உயிரினங்களின் பரிணாமத்தைப் போலச் செய்து காட்டும் நிரலொன்று கண்டுபிடித்த அலைவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. வளைந்து முறுகிய கம்பித் துண்டு போன்ற அவ்வடிவைப் பொறியியலாளர் எவரும் வரைந்திருக்கமாட்டார். 2015இல் எயார்பஸ் நிறுவனம் விமானத்தின் உட்சுவரொன்றை இவ்வகையில் ஆக்கிக் காட்டிற்று. எலும்பின் வளர்ச்சியைப் பின்பற்றி அமைந்த அச்சுவர் பழையதினும் 45 வீதம், அதாவது ஏறத்தாழ 30 கிலோகிராம், எடை குறைந்திருந்தது. 2019இல் பிலிப் ஸ்ராக் என்னும் பிரெஞ்சு வடிவமைப்பாளர், மிகக் குறைந்த பொருளைக் கொண்டு உடலைத் தாங்குவது எங்ஙனம் என்று இயந்திரத்தைக் கேட்டுப் பெற்ற நாற்காலியை மிலான் நகரில் வெளியிட்டார். இவையெல்லாம் சைமன் கூறிய தேடுதலே. எடையும் வலுவும் எண்களாக அளக்கத்தக்கன. ஆதலின் இங்கே இயந்திரம் வென்றதில் வியப்பில்லை, வருத்தமும் இல்லை.

2022இன் பின்னர் நிகழ்ந்தது வேறொன்று. அவ்வாண்டில், சொற்களாற் கேட்டவற்றைப் படமாக வரைந்து தரும் இயந்திரங்கள் மூன்று, நான்கு திங்கள்களுள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. நவெம்பர் 30ஆம் நாள் சற்ஜிபிரி வெளியாயிற்று. இவை தேடுவனவல்ல, மாந்தர் முன்னர் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றின் பாங்கைக் கற்று, அப்பாங்கிற் புதியன பிறப்பிப்பன. ஆதலின் அளக்க முடியாதவற்றிலும் இவை தயங்குவதில்லை. ஐந்து படிகளிலும் இவற்றுக்கு வேலை உண்டு. ஒரு குழுவினர் ஒரு முழுநாள் இருந்து தொகுத்த எண்ணங்களை இவை நிமிடத்தில் தருகின்றன. பத்து நாளிற் செய்த மாதிரிப் படங்களை ஒரு மாலைப்பொழுதில் வரைகின்றன. நூறு பேரிடம் எடுத்த நேர்காணல்களைப் படித்துச் சுருக்குகின்றன.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. வரையத் தெரியாதவன் தன் மனத்திலுள்ளதைப் பிறர்க்குக் காட்டும் வல்லமை இதற்கு முன் எக்காலத்திலும் இருந்ததில்லை. பவ்ரா ஊரவர் அலெக்சாண்டருக்குச் சொல்லினாலன்றிக் காட்ட இயலவில்லை. அவர்கள் சொல்லியதை அவரே வரைந்தார். இன்று அவ்வூர்ப் பெண்ணொருத்தி தனக்கு வேண்டிய அடுக்களையைச் சொல்லிப் படமாகக் கண்டு, இஃதன்று, இன்னும் சற்று ஒளி வேண்டும் எனத் திருத்த இயலும். ஆனால் எந்த மொழியிற் சொல்வாள் என்பதும் கேட்கத்தக்கதே. 2022இல் வெளிவந்த இயந்திரங்களுள் ஒன்றாகிய ஸ்ரேபிள் டிபியூஷன் பயின்ற மூலத்தொகுதியில் 585 கோடிப் படங்கள் இருந்தன. அவற்றுள் ஆங்கில விளக்கமுடைய ஏறத்தாழ 230 கோடியே அதன் பயிற்சிக்கு அடிப்படையாயின. அடுக்களை என்றவுடன் அது முதலிற் காட்டக்கூடியது எவ்வூர் அடுக்களை என்பதை இவ்வெண்களிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

எண்ணங்களைப் பெருக்கும் படியிலும் எதிர்பாராத விளைவுகள் காணப்பட்டுள்ளன. 2024இல் மெல்பேண் பல்கலைக்கழக ஆய்வாளர் 60 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், படம் வரையும் இயந்திரத்தைத் துணைக்கொண்டோர் தமக்கு முதலிற் காட்டப்பட்ட உதாரணத்தையே மிகுதியும் பற்றி நின்றனர். துணையின்றிச் செய்தோரிலும் குறைந்த எண்ணங்களையும், குறைந்த வேறுபாட்டையும், குறைந்த புதுமையையுமே காட்டினர். இயந்திரம் முழுமைபெற்ற படத்தை உடனே தந்துவிடுதல் இதற்கு ஒரு காரணமாகலாம். அரைகுறையான கோடு மேலே சிந்திக்கத் தூண்டும். நிறைவான படம் சிந்தையை மூடிவிடும். அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றோர் ஆய்வு சிறுகதை பற்றியது. இயந்திரத்திடம் கருப்பெற்று எழுதியோரின் கதைகளைத் தனித்தனியே நோக்கியபோது சிறந்தனவென மதிப்பிட்டனர். ஒருங்கு வைத்து நோக்கியபோதோ அவை ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருந்தன. தனியொருவர்க்கு ஆதாயம், கூட்டத்திற்கு நட்டம் என்னும் இந்நிலை வடிவமைப்பிற்கும் ஏற்புடைத்து. நூறு குழுக்கள் ஒரே இயந்திரத்தை வினவினால் நூறு தள்ளுவண்டிகளும் உடன்பிறந்தனவாகவே வெளிவரும்.

இவையெல்லாம் காலப்போக்கில் திருந்தக்கூடும். இயந்திரங்கள் ஆண்டுதோறும் மாறுவதால், ஓராண்டின் குறையை நிலையான இலக்கணமாகக் கொள்ளுதல் அறிவுடைமையன்று. எமக்குத் திருத்தற்கரியதெனத் தோன்றுவது வேறொன்று. ஷோன் கூறியவாறு, வரைதலே எண்ணுதலாயின், வரைதலை ஒப்படைத்தவன் எண்ணுதலையும் ஒப்படைத்தவனாகின்றான். முதிர்ந்த வடிவமைப்பாளர்க்கு இதனாற் பெருந்தீங்கில்லை. இருபதாண்டு கீறிக் கீறிப் பெற்ற கண் அவர்க்கு உண்டு. இயந்திரம் தரும் நூறு படங்களுள் தொண்ணூற்றெட்டு எதற்கும் உதவா என்பதை நொடியிற் கூறுவர். அக்கண் அவர்க்கு வந்ததெப்படி? தொழில் தொடங்கிய நாளில், பயனற்ற நூறு படங்களைத் தம் கையாலேயே கீறிப் பார்த்ததனால் வந்தது. இன்று தொழில் புகும் இளைஞர்க்கு அந்த முதல் நூறு படங்களே எஞ்சவில்லை. வரைவோரிலும் தேர்வோரே வேண்டப்படுகின்றனர் என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். தேரும் ஆற்றலைப் பயிற்றுவிக்கும் வேலையையோ இயந்திரத்திடம் கொடுத்துவிட்டனர். ஒரு கல்லூரியின் சித்திர வகுப்பில் ஆண்டுக் கணக்காகப் பார்த்திருந்தோர்க்கு இவ்வச்சத்தின் பொருள் விளங்கும். ஆசிரியர் திருத்திய கோட்டைவிட, திருத்துவதற்கு முன் மாணவன் தானே அழித்த கோடே அவனுக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றது.

இனி முதற்படியை நோக்குவோம். பிறர்நிலை உணர்தல் மனிதர்க்கே உரியது, ஏனைய படிகளை இயந்திரத்திற்கு விட்டாலும் இது எம்மிடமே இருக்கும் என்று சில ஆண்டுகளின் முன் இத்துறையினர் ஆறுதல் கூறிக்கொண்டனர். 2023 ஏப்பிரலில் ஸ்ரான்போட் ஆய்வாளரும் துணைவரும், மொழி இயந்திரத்தால் இயங்கும் 25 கற்பனை மாந்தர் ஒரு சிற்றூரில் எழுந்து, பேசி, விருந்துக்கு அழைத்து வாழ்வதைக் காட்டினர். 2024 நவெம்பரில் அவ்வாராய்ச்சி மேலும் ஒரு படி சென்றது. இம்முறை உண்மையான மாந்தர் 1,052 பேரிடம் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உரையாடி, அவ்வுரையாடலை இயந்திரத்திற்கு அளித்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு போலியுருவை ஆக்கினர். பின்னர், சமூகக் கருத்தாய்வு வினாக்கள் மனிதரிடத்தும் போலியுருவிடத்தும் கேட்கப்பட்டன. அதே மனிதர் இரு வாரங்களின் பின் தம் விடைகளைத் தாமே எவ்வளவுக்கு மீளக் கூறினரோ, அதன் 85 வீத அளவிற்குப் போலியுரு அவர்தம் விடைகளைக் கூறிற்று.

இவ்வெண் வியப்பிற்குரியதே. நூறு கடைக்காரரைத் தேடிச் சென்று கேட்கும் செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்த விரும்பும் நிறுவனத்தார்க்கு இஃது ஒரு வரமாகத் தோன்றும். செயற்கைப் பயனர் என்னும் பெயரில் இத்தகைய போலியுருக்களை விற்கும் வணிகமும் தொடங்கியுள்ளது. ஆனால் 85 வீதம் என்பது ஏற்கெனவே யாரோ எண்ணிக் கேட்ட வினாக்களுக்குரிய அளவை. வடிவமைப்போன் மனிதரிடம் செல்வது விடை பெறுதற்கு மாத்திரமன்று. தன் வினாவே பிழையென அறிதற்கும் செல்கின்றான். கடைக்காரி தள்ளுவண்டியைப் பற்றிய கேள்விக்கு விடையிறுக்காது, வாயிற்படியின் உயரத்தைப் பற்றி முறையிடுகின்றாள். அங்கேதான் பிரச்சினை இடம் மாறுகின்றது. ரிற்றல் கூறிய அடங்காப் பிரச்சினைகளெல்லாம் இவ்வாறு இடம் மாறுவனவே. கேட்டதற்கு மாத்திரம் விடை தரும் போலியுரு, பவ்ராவின் 141 தேவைகளையும் நிரலிட்டுக் கொடுக்கும். முதலாவதைத் தேவையென எழுதலாமோ என்று திருப்பிக் கேட்குமா என்பது ஐயமே.

அவ்வாராய்ச்சியில் மேலும் ஒரு செய்தி உண்டு. அந்த 1,052 பேரிடமும் இரண்டு மணிநேரம் உரையாடியவர் ஆய்வாளரல்லர். அதனையும் ஓர் இயந்திரமே குரலெழுப்பிக் கேட்டது. மாந்தர் தம் பிறப்பு, வளர்ப்பு, தொழில், நோய், துயரம் யாவற்றையும் அதனிடம் விரித்துரைத்தனர். கேட்க வேண்டிய வினாக்களின் நிரல் மாத்திரம், அமெரிக்க மக்களின் வாழ்க்கையை அவரவர் வாய்மொழியாகவே திரட்டும் பொருட்டுச் சமூகவியலாளர் முன்னர் ஆக்கி வைத்திருந்த ஒன்றைத் தழுவியது.